காடு வெட்டியதும் வந்த காய்ச்சல்

கெடாவில் கூலிம், கோலமூடா வட்டாரங்களில் காடு வெட்டி ரப்பர் நட்டவர்கள் நம் பாட்டன்மார். குளிர்காய்ச்சல் அவர்களில் பலரைக் கொண்டு போயிற்று. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உண்மை வேறு.

மலேரியாக் கிருமிக்கு இரண்டு வீடுகள்: ஒன்று மனித உடல், மற்றொன்று கொசு. 1897இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அக்கிருமியைக் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்தார், காய்ச்சல் குறைந்தது. மலைச்சரிவுத் தோட்டங்களில் மட்டும் அது குறையவில்லை. ஏன்? அங்குள்ள கொசு சேற்றை நாடுவதில்லை; வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் முட்டையிடும். மரநிழல் போனதும் ஓடை கொசுவுக்குத் தொட்டிலாயிற்று! ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே விட்டார்கள். நீர்மேல் எண்ணெய் தெளித்தார்கள். அதன் பிறகே காய்ச்சல் தணிந்தது.

கதை முடியவில்லை. குரங்கின் ரத்தத்தில் வாழும் நோலெசி என்னும் மலேரியாக் கிருமி, கொசுவழியே மனிதனுக்கும் தாவுவது 1965இல் பகாங்கில் தெரியவந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் கிருமி அது. ஆகவே, காட்டோரம் போய்வந்தபின் காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். போய்வந்த இடத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.