சிங்கப்பூர் யூதர் வரலாறும் யூத வெறுப்பும்: ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு குறிப்பு



வரலாற்றுப் பாடத்தில் ஹிட்லர் வரும்போது யூத வெறுப்பும் வருகிறது. "60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். ஐரோப்பாவில் என்றைக்கோ நடந்து முடிந்த விஷயம், நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் யூதர்கள் சிங்கப்பூரில் ஏறத்தாழ 200 ஆண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்கள் மீதான வெறுப்பும் இங்கே வந்து எட்டிப் பார்த்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது. ஊரில் உள்ள சான்றுகளிலிருந்தே தொடங்குவோம்.

தெருவில் இருக்கும் சான்றுகள்

சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் பெலிலியோஸ் ரோடு இருக்கிறது. எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருப்பீங்க. அது கல்கத்தாவிலிருந்து வந்த ஐ. ஆர். பெலிலியோஸ் என்ற யூத மாட்டு வணிகரின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் தேக்கா வட்டாரத்தில் மாட்டு வியாபாரம் நடந்தது. எருமையைக் குறிக்கும் கெர்பாவ் ரோடும் பஃபலோ ரோடும் அந்தக் காலத்துப் பெயர்கள்தான். அந்தத் தொழிலில் தமிழர்களும் இருந்தார்கள்.

அங்கிருந்து சிலிகி சாலைப் பக்கம் வாருங்கள். புக்கிட் தீமா சாலைச் சந்திப்பில், 1924இல் கட்டப்பட்ட எலிசன் கட்டடத்தின் முகப்பில் ஆறு முனை நட்சத்திரம் தெரியும். தாவீதின் நட்சத்திரம் எனப்படும் இது யூதரின் அடையாளம். மிடில் ரோட்டில் உள்ள டேவிட் எலியஸ் கட்டடத்திலும் (1928) அதே நட்சத்திரம் உண்டு. இந்த வட்டாரத்தை யூதர்கள் 'மஹல்லா' என்று அழைத்தார்கள். வட்டாரம், குடியிருப்பு என்ற பொருளில் வரும் அரபுச் சொல் அது. 'முகல்லா' என்று நம்மவர்கள் சொல்வதும் இதே சொல்தான்.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோவிலும், அதன் அருகிலேயே குவான் யின் கோவிலும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதே தெருவில் 1878இல் திறக்கப்பட்ட மகேன் அபோத் என்ற யூதத் தொழுகைக்கூடமும் இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் இன்றும் நிற்கும் யூதத் தொழுகைக்கூடங்களில் இதுவே மிகப் பழமையானது. 1998இல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள்?

சிங்கப்பூருக்கு முதலில் வந்த யூதர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர் அல்லர், பாக்தாத் யூதர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்தாத்தை ஆண்ட தாவூது பாஷாவின் கெடுபிடியால் பல யூத வணிகக் குடும்பங்கள் அந்த நகரை விட்டு வெளியேறின. டேவிட் சசூன் 1830களின் தொடக்கத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய் என்று அவர்களுடைய வணிகத் தொடர்பு விரிந்தது. செட்டியார்கள் ஊர் ஊராகக் கிட்டங்கி வைத்து உறவு, நம்பிக்கை இரண்டையும் முதலாக்கி வியாபாரம் செய்தார்கள் இல்லையா? ஏறக்குறைய அதே முறைதான்.

1830ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே ஒன்பது யூத வணிகர்களே இருந்தனர். 1840களின் தொடக்கத்தில் படகுத்துறைக்கு அருகே ஒரு கடைவீட்டில் தொழுகைக்கூடம் அமைத்தார்கள். அதனால் வந்த பெயர்தான் சினகாக் ஸ்திரீட். 1931 கணக்கெடுப்பில் யூதர்களின் எண்ணிக்கை 832. வீட்டில் அரபு, தொழுகையில் எபிரேயம், கடைத்தெருவில் மலாய், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று வாழ்ந்தார்கள். "யூதர் என்பது இனமா, மதமா, மொழியா?" என்று மாணவர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஒரே விடை கிடையாது. பாக்தாத் யூதர், போலந்து யூதர், கொச்சி யூதர் ஆகியோரின் மொழியும் உணவும் உடையும் வேறு வேறு. வேதமும் வழிபாடும் 'நாங்கள் ஒரு மக்கள்' என்ற நினைவும்தான் அவர்களை இணைப்பவை.

"எல்லாரும் பணக்காரங்கதானே சார்?"

வகுப்பில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பணக்காரர்கள் இருந்தார்கள். கல்கத்தாவில் வளர்ந்து இங்கே வந்த மனாசே மேயர் அபினி வணிகத்திலும் நிலத்திலும் பெரும் செல்வம் சேர்த்தார். அபினி அன்று சட்டப்படி நடந்த வணிகம் என்றாலும் அது பலரின் வாழ்வைக் கெடுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆக்ஸ்லி ரைஸில் உள்ள செசெட் எல் தொழுகைக்கூடத்தை 1905இல் கட்டியவர் அவர்தான். 1922 நவம்பரில் ஜப்பான் போகும் வழியில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் இங்கே இறங்கியபோது, ஜெருசலேமில் அமையவிருந்த எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு நிதி கேட்டு மேயரைச் சந்தித்தார்.

ஆனால் மஹல்லாவில் வாழ்ந்த பெரும்பாலோர் ஏழைகள். சின்னச் சின்ன வியாபாரம் செய்தவர்கள். தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் பணக்காரரின் பெயர்தான் வைக்கப்படும், ஏழையின் பெயர் வைக்கப்படாது. அதனால் பெயர்ப்பலகையை மட்டும் படிப்பவருக்கு அந்தச் சமூகமே பணக்காரச் சமூகமாகத் தெரிகிறது. வரலாற்றுச் சான்றுகளைப் படிக்கும்போது மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டிய முக்கியமான எச்சரிக்கை இது.

ஜப்பானியர் ஆட்சியில்

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. யூதர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. யூதர் என்று காட்டும் பட்டை அணிய வேண்டியிருந்தது. 1943 ஏப்ரலில் யூத ஆண்கள் பலர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1944இல் அங்கிருந்த சிறைவாசிகள் சைம் ரோடு முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். 1945இல் பெண்களும் குழந்தைகளும்கூட அடைக்கப்பட்டனர். போர் முடிந்ததும் பலர் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா, இஸ்ரேல் என்று கிளம்பிவிட்டார்கள். மூதாதையர் ஊரான பாக்தாத்துக்குத் திரும்பவும் வழியில்லை. அங்கே 1941 ஜூனில் 'ஃபர்ஹூத்' என்ற கலவரத்தில் ஏறத்தாழ 180 யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். 1950, 51இல் ஈராக்கின் யூதர்களில் மிகப் பெரும்பாலோர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், நாட்டைவிட்டு வெளியேறினர்.

டேவிட் மார்ஷலும் தமிழும்

போனவர்கள் போக, இங்கேயே இருந்தவர்களில் ஒருவர் டேவிட் மார்ஷல். 1908இல் சிங்கப்பூரில் பிறந்த பாக்தாத் யூதர். தொண்டூழியப் படையில் சேர்ந்து போரிட்டுப் பிடிபட்டவர். ஜப்பானின் ஹொக்கைடோவில் கட்டாய வேலை செய்த போர்க்கைதி. போருக்குப் பிறகு குற்றவியல் வழக்கறிஞராகப் பெயர் பெற்றார். 1955 ஏப்ரலில் தொழிலாளர் முன்னணியின் தலைவராக நின்று வென்று சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் ஆனார். சீனர்களும் மலாய்க்காரர்களும் இந்தியர்களும் நிறைந்த ஊருக்கு, ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் முதலமைச்சர்! மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். சுயாட்சி கேட்டு லண்டனில் நடத்திய பேச்சுவார்த்தை தோற்றதும், சொன்ன சொல்படி 1956 ஜூனில் பதவி விலகினார். 1957இல் பாட்டாளிக் கட்சியைத் தொடங்கினார்.

தமிழாசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி. சீனப் பள்ளி மாணவர் போராட்டங்கள் சூடு பிடித்திருந்த 1955இல், அவருடைய அரசாங்கம் சீனக் கல்வியை ஆராய அனைத்துக்கட்சிக் குழு ஒன்றை அமைத்தது. 1956இல் வெளிவந்த அதன் அறிக்கை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்றது. 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கு அது அடிப்படை ஆனது. மார்ஷல் ஒருவரின் சாதனை என்று எழுத வேண்டாம், பல கட்சிகளின் கை அதில் உண்டு. ஆனாலும் நம் பள்ளிகளில் தமிழுக்குக் கிடைத்த சம இடத்தின் வரலாற்றில் ஒரு யூத முதலமைச்சரின் ஆட்சிக்காலத்துக்கும் பங்கு இருக்கிறது.

யூத வெறுப்பு எப்படி வேலை செய்கிறது?

ஐரோப்பாவில் யூதர் மீதான பகை முதலில் மதத்தை ஒட்டியது. 19ஆம் நூற்றாண்டில் அது இனப் பகையாக உருமாறியது. 1879 வாக்கில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் என்பவர் 'ஆன்டி செமிட்டிசம்' என்ற சொல்லைப் பரப்பினார். மதத்தால் வந்த பகைக்கு மதம் மாறினால் தப்ப வழி இருந்தது. இனம் என்று ஆக்கிய பிறகு தப்பவே வழியில்லை. 1935ஆம் ஆண்டு நாஜிச் சட்டத்தின்படி, தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதராக இருந்தால் போதும்; தேவாலயத்துக்குப் போகிறவரும் யூதரே.

இந்த வெறுப்பில் இரண்டு குற்றச்சாட்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, 'இவர்கள் எல்லாரும் பணக்காரர்கள், உலகத்தையே இயக்குகிறார்கள்' என்பது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் வெளிவந்த 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற போலி ஆவணம் இதைத்தான் சொன்னது. அது திருட்டுச் சரக்கு என்று லண்டன் டைம்ஸ் இதழ் 1921இலேயே அம்பலப்படுத்தியது. இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற 'உலகை ஆளும் ரகசியக் குடும்பங்கள்' கதைகள் அதன் பேரப்பிள்ளைகள்.

இது தமிழருக்குப் புதிது இல்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்களிடம் வந்தது. 1938க்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் அவர்கள் கையில். விவசாயியின் துயரம் உண்மை. ஆனால் 'இந்தியன் என்றால் வட்டிக்காரன்' என்ற படம், கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்களையும் சேர்த்தே பூசிவிட்டது. இந்தியருக்கு எதிரான கலவரங்களில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைகளே.

இரண்டாவது குற்றச்சாட்டு, 'எங்கோ ஒருவர் செய்ததற்கு இங்கே இருப்பவர் பொறுப்பு' என்பது. இதன் விளைவைச் சிங்கப்பூரே பார்த்தது. 2021 பிப்ரவரியில் 20 வயது சிங்கப்பூர் இளைஞர் ஒருவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டார். வாட்டர்லூ ஸ்திரீட் தொழுகைக்கூடத்திலிருந்து வெளியே வரும் யூதர்களைக் கத்தியால் தாக்க அவர் திட்டமிட்டிருந்தார். பாலஸ்தீனப் போர் பற்றிய காணொளிகளிலிருந்து தொடங்கிய கோபம், தொழுதுவிட்டு வீடு திரும்பும் மூன்று பேர் மீது போய் நின்றது.

அதற்கு முன்பே, 2020 டிசம்பரில், 16 வயது மாணவர் ஒருவர் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். கிறைஸ்ட்சர்ச் தாக்குதல் காணொளியால் ஈர்க்கப்பட்டு, இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டவர் அவர். இந்திய இனத்தவர் என்று அதிகாரிகள் தெரிவித்தனர். ஆகவே 'அது அவங்க பிரச்சினை' என்று நாம் ஒதுங்க முடியாது. யாரைக் குறிவைத்தாலும் விஷம் ஒன்றுதான். அது வருவது கைத்தொலைபேசி வழியாக. போய்ச் சேருவது நம் மாணவர்களிடம்.

வகுப்பில் பிரித்துச் சொல்ல வேண்டியவை

காஸா பற்றி மாணவர்களுக்கு வருத்தமும் கோபமும் இருக்கும். அதை அடக்கி "பேசாதே" என்று சொன்னால் அவர்கள் இணையத்தில் போய்ப் பேசுவார்கள். பேச விடுங்கள், ஆனால் சொற்களைப் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள். யூதர் என்பது உலகெங்கும் வாழும் ஒரு மக்கள். யூதம் என்பது ஒரு சமயம். இஸ்ரேல் என்பது ஓர் அரசு. சயனியம் என்பது ஓர் அரசியல் கொள்கை. ஓர் அரசின் செயலை, எந்த அரசாக இருந்தாலும், ஆதாரத்தோடு விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது. அந்தச் செயலுக்காகப் பக்கத்து வீட்டு யூதரைக் குற்றவாளி ஆக்குவதுதான் யூத வெறுப்பு. இதே அளவுகோல் முஸ்லிம்களுக்கும் பொருந்தும், தமிழர்களுக்கும் பொருந்தும். மாணவர் ஒருவர் "அவங்க எல்லாம் இப்படித்தான்" என்று எழுதினால், "எத்தனை பேர்? எந்த ஆண்டு? எந்த ஊர்?" என்று கேளுங்கள். வரலாற்றுப் பாடத்தின் அடிப்படைப் பயிற்சியே இந்த மூன்று கேள்விகள்தான்.

பயிற்சி வினாக்கள்

1. சிங்கப்பூருக்கு வந்த பாக்தாத் யூதர், நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஆகிய இரு வணிகச் சமூகங்களிடையே காணப்படும் ஒற்றுமைகள் இரண்டையும் வேற்றுமை ஒன்றையும் விளக்குக.

2. மதப் பகை இனப் பகையாக மாறியது யூதர்களின் நிலையை எவ்வாறு மேலும் மோசமாக்கியது? 1935ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சான்றாகக் காட்டுக.

3. 'தெருப் பெயர்களும் கட்டடங்களும் ஒரு சமூகத்தின் முழு வரலாற்றையும் சொல்வதில்லை.' மஹல்லா வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்க.

4. குழு வேலை: இணையத்தில் ஒரு சமூகத்தைப் பற்றி 'எல்லாரும்' என்று தொடங்கும் கூற்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன மூன்று கேள்விகளால் சோதித்து, முடிவை ஐந்து வரிகளில் எழுதுக.