பஸ் நின்ற இடத்தில் ஃபங்க்

மினியாபொலிஸ் நகரத்தின் நடுவே, ஏழாவது தெருவும் ஃபர்ஸ்ட் அவென்யூவும் சந்திக்கும் முனையில், மூலை இல்லாத ஒரு கட்டடம் நிற்கிறது. தெருமுனை என்றால் சுவர் இரண்டும் கூராகச் சந்திக்க வேண்டும். இதைக் கட்டியவர்கள் அந்தக் கூரை மழித்து, வளைத்து, உருட்டிவிட்டார்கள். இன்று அதன் மேல் கறுப்புப் பெயின்ட். கறுப்பின் மேல் வரிசை வரிசையாக வெள்ளை நட்சத்திரங்கள், அவற்றில் உள்ளே மேடையேறிய கலைஞர்களின் பெயர்கள். இது ஃபர்ஸ்ட் அவென்யூ என்ற இரவு விடுதி. பிறக்கும்போது இது பஸ் நிலையம்.

1937-இல் கிரேஹவுண்ட் கம்பெனி இதைக் கட்டியது. கிரேஹவுண்ட் மினசோட்டா மாநிலத்தின் சொந்தப் பிள்ளை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1914-இல் ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில், கார்ல் விக்மன் என்ற சுவீடன்காரர், விற்க முடியாமல் தன் கையிலேயே தங்கிவிட்ட ஹப்மொபைல் காரில் சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஓட்டினார். ஆளுக்குப் பதினைந்து சென்ட். அதிலிருந்து வளர்ந்ததுதான் அமெரிக்காவின் மிகப்பெரிய பஸ் கம்பெனி. (அதே ஹிப்பிங்கில் வளர்ந்த ஒரு பையன் பின்னால் பாப் டிலன் ஆனார். சின்ன ஊர், பெரிய ஏற்றுமதி.)

இருபத்து மூன்று ஆண்டுகளில் கம்பெனிக்கு வந்த செல்வாக்கை அந்த நிலையம் காட்டியது. ஆர்ட் டெகோ பாணி. வெளியே பளபளக்கும் நீலச் செங்கல், உள்ளே கட்டம் போட்ட மொசைக் தரை. குளிரூட்டும் வசதி, குளிக்க ஷவர் அறைகள், பொதுத் தொலைபேசிகள். 1937-இல் குளிரூட்டிய பஸ் நிலையம் என்பது ஆடம்பரம்தான். ஏழைகளின் வண்டி என்று பெயர் வாங்கிய பஸ்ஸுக்குப் பணக்காரக் களை தர வேண்டும் என்று கம்பெனி நினைத்திருக்கிறது. அந்த மொசைக் தரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளும் செருப்புகளும் தேய்த்த அதே தரையில்தான் பின்னால் இத்தனை பேர் ஆடினார்கள்.

1968-இல் கிரேஹவுண்ட் வேறிடம் போய்விட்டது. காலியாகக் கிடந்த கூடத்தை ஆலன் ஃபிங்கர்ஹட் என்ற இளைஞர் பார்த்தார். அஞ்சல்வழி வியாபாரத்தில் பெரிய பெயர் எடுத்த குடும்பத்தின் வாரிசு. டேனி ஸ்டீவன்ஸ் என்ற உள்ளூர் இசைக்காரரோடு சேர்ந்து, 1970 ஏப்ரல் 3-ஆம் தேதி, 'டிப்போ' என்ற பெயரில் கிளப்பைத் திறந்தார். முதல் இரவே ஜோ காக்கரும் அவரது பெரும்படையும் மேடையில். நகரத்தின் நடுவில் மது, ராக் இசை, நடனம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் தரும் புத்தம்புது இடம். கூட்டம் வந்தது. பிறகு வராமல் போனது. அடுத்த ஆண்டே கதவு மூடியது.

புதுக் கிளப்புகளுக்கு இது வழக்கமான ஜாதகம். திறப்பு விழா இரவில் ஊரே வரும். நூறாவது இரவில் யார் வருகிறார்கள் என்பதுதான் கணக்கு. 1972-இல் சின்சினாட்டியைச் சேர்ந்த ஒரு கம்பெனி இடத்தைத் தன் கிளைகளில் ஒன்றாக்கி, 'அங்கிள் சாம்ஸ்' என்று பெயர் மாற்றியது. தரையில் விளக்கெரியும் கண்ணாடித் தளம், இசைத்தட்டு, டிஸ்கோ. மேடையில் ஆள் வேண்டாம், ஊசி போதும் என்ற காலம். அந்த எழுபதுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது அப்போது நகரத்தின் வடக்கே நடந்துகொண்டிருந்தது.

மினியாபொலிஸில் கறுப்பினத்தவர் குறைவு. இருந்தவர்களில் பெரும்பாலோர் வடக்குப் பகுதியில் வாழ்ந்தார்கள். வீட்டுப் பத்திரங்களிலேயே 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுதி வைத்திருந்த நகரம் அவர்களுக்கு வேறு இடத்தில் கதவு திறக்கவில்லை. லூசியானாவிலிருந்து வந்த ஜான் நெல்சன் பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு இரவில் ஜாஸ் பியானோ வாசித்தார். தன் குழுவின் பெயரை 1958-இல் பிறந்த மகனுக்கு வைத்தார்: பிரின்ஸ்.

1966-இல் பிளிமத் அவென்யூவில் 'தி வே' என்ற சமூக மையம் தொடங்கியது. அந்தக் கோடையின் கொந்தளிப்புக்குப் பதில் தேடிய மையம். அடுத்த ஆண்டே அதே தெரு மறுபடி எரிந்தது. அந்த மையத்தில் பிள்ளைகளுக்குக் கிட்டாரும் டிரம்ஸும் கிடைத்தன, பழகுவதற்கு இடம் கிடைத்தது. சானி தாம்ப்சன் அங்கே வளர்ந்த பேஸ் கிட்டார்க்காரர். அவரது குழுவைப் பார்த்துச் சின்னப் பையன்கள் தொழில் கற்றார்கள். சில தெருக்கள் தள்ளி, ஆண்ட்ரே ஆண்டர்சன் வீட்டு நிலவறையில் பிரின்ஸ் குடியேறியிருந்தார். பெற்றோர் பிரிந்து, தந்தை வீட்டிலும் இடமில்லாமல் போனபோது ஆண்ட்ரேயின் தாய் பெர்னடெட் அவரைத் தன் ஆறு பிள்ளைகளோடு ஏழாவதாகச் சேர்த்துக்கொண்டார். அந்த நிலவறையிலிருந்து 'கிராண்ட் சென்ட்ரல்' வந்தது. டிரம்ஸில் மாரிஸ் டே. எதிரணியில் டெரி லூயிஸின் 'ஃப்ளைட் டைம்'. பள்ளி மண்டபம், பூங்கா, சமூக மையம் என்று எங்கு இடம் கிடைத்தாலும் குழுக்களுக்குள் போட்டி. நகர மையத்து கிளப்புகள் கறுப்பினக் குழுக்களை மேடையேற்றுவது அபூர்வம். மூன்று நான்கு கிலோமீட்டர் தொலைவில் விளக்கெரியும் கண்ணாடித் தரை இருந்தது. இவர்களுக்கு அது வேறு நாடு.

இந்தத் தள்ளிவைப்புதான் அந்த ஊரின் ஃபங்க் இசைக்கு அதன் குரலைக் கொடுத்தது என்பது என் கணிப்பு. ஃபங்க் என்றால் தாளம் முதலில், பாட்டு அப்புறம். நான்கு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கையை ஓங்கி அடித்து, மற்றக் கருவிகள் எல்லாம் அதைச் சுற்றிப் பின்னுவது ஜேம்ஸ் பிரவுன் காட்டிய வழி. மற்ற நகரங்களில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் கொண்ட ஒரு படையே இதற்கு நிற்கும். மினியாபொலிஸ் பையன்கள் அந்த ஊதுகருவி வரிகளைச் சிந்தசைசரில் வாசித்தார்கள். ஒரு கீபோர்டுக்காரர் ஐந்து ஊதுகுழல்காரர்களின் வேலையைப் பார்த்தார். சத்தமும் மெல்லியதாக, கூராக, குளிர்ந்து வந்தது. இன்னொன்று வானொலி. கறுப்பின இசையை ஒலிபரப்பிய கே.யு.எக்ஸ்.எல். நிலையத்துக்குப் பகலில் மட்டுமே அனுமதி. பொழுது சாய்ந்ததும் அலை அடங்கிவிடும். அதன்பின் கிடைத்தது வெள்ளையரின் ராக். பகலெல்லாம் ஃபங்க், ராத்திரியெல்லாம் கிட்டார் என்று கேட்டு வளர்ந்த காது இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1980-இல் லின் எல்.எம்.1 என்ற டிரம் இயந்திரம் சந்தைக்கு வந்தது. நிஜ டிரம்ஸ் ஒலியைப் பதிந்து வைத்திருந்த இயந்திரம்; மொத்தம் சுமார் ஐந்நூறுதான் செய்யப்பட்டன. அதில் ஒன்று பிரின்ஸிடம் வந்து சேர்ந்தபோது 'மினியாபொலிஸ் சவுண்ட்' முழுமையாகிவிட்டது.

இதற்கிடையே பஸ் நிலையத்தில் ஒரு மாறுதல். ஸ்டீவ் மெக்லெல்லன் என்ற மேலாளருக்கு டிஸ்கோ பிடிக்கவில்லை. சின்சினாட்டிக்காரர்கள் 1979-இல் கிளையைக் கைகழுவியதும், அவரும் ஜாக் மேயர்ஸும் மேடையை மறுபடி மனிதர்களுக்குத் திறந்தார்கள். 1980 மார்ச்சில் பக்கத்துச் சிறு அறையையும் 'செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி' என்று திறந்துவிட்டார்கள். இருநூற்றைம்பது பேர் நெருக்கிக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். ஹஸ்கர் டூ, ரீபிளேஸ்மென்ட்ஸ் போன்ற பங்க் குழுக்கள் அங்கே தேறின. 1981 முடியும் இரவில் 'ஃபர்ஸ்ட் அவென்யூ' என்ற பெயர் வந்தது. பளபளப்பு போய், சுவர் கறுத்து, கழிப்பறை மோசமாகி, கிளப் உயிர் பிழைத்தது.

பிரின்ஸ் தனிக் கலைஞராக முதலில் மேடையேறியது இங்கே அல்ல. 1979 ஜனவரியில், வடக்குப் பகுதியிலிருந்த காப்ரி தியேட்டரில். பழைய பஸ் நிலையத்துக்கு அவர் வந்தது 1981 மார்ச் 9. அதன்பின் வீட்டுக்கு வருவதுபோல் வந்துகொண்டிருந்தார். புதுப் பாட்டை டி.ஜே.விடம் கொடுத்து, தரையில் ஆடுபவர்களின் கால்களைப் பார்த்துத் தீர்ப்பு அறிந்துகொண்டார் என்பார்கள்.

1983 ஆகஸ்ட் 3. மினசோட்டா நடனக் குழுவுக்கு நிதி திரட்ட பிரின்ஸின் கச்சேரி; டிக்கெட் 25 டாலர். கோடை வெக்கை, ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் கூடம் நிறைந்து வியர்த்தது. ஒரு காலத்தில் குளிரூட்டிக்குப் பேர்போன கட்டடம் அன்று அடுப்பாக இருந்தது. வெளியே தெருவில் நியூயார்க்கிலிருந்து வந்த ஒலிப்பதிவு வண்டி. பிரின்ஸ் குழுவின் டிரம்ஸ்காரர் பாபி இசட்டின் அண்ணன் டேவிட் ரிவ்கின் அதனுள் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருந்தார். மேடையில் பத்தொன்பது வயது வெண்டி மெல்வாய்னுக்கு அந்தக் குழுவோடு அதுதான் முதல் கச்சேரி. கடைசிப் பகுதியில் அவர் கிட்டாரில் ஒரு மெதுவான சுற்றைத் தொடங்கினார். கூட்டத்தில் யாருக்கும் அந்தப் பாட்டு தெரியாது, கைதட்டுவதா காத்திருப்பதா என்றும் தெரியாது. பதிவில் அந்தத் தயக்கத்தையும் கேட்கலாம். அது 'பர்ப்பிள் ரெய்ன்'. அன்று பதின்மூன்று நிமிடம் போல நீண்டது. பிறகு ஒரு சரணத்தை வெட்டி, தந்திக் கருவிகள் சேர்த்து, எட்டே முக்கால் நிமிடத்துக்குள் அடக்கினார்கள். அதோடு இன்னும் இரண்டு பாட்டுகளின் அடித்தளமும் அன்றைய பதிவிலிருந்தே ஆல்பத்துக்குப் போனது. உலகமெங்கும் கோடிக்கணக்கானவர் கேட்டது ஒரு ஸ்டுடியோவின் அமைதியை அல்ல, ஒரு பஸ் நிலையக் கூடத்தின் எதிரொலியை.

அந்தக் குளிர்காலத்தில், பிரின்ஸ் நடித்த 'பர்ப்பிள் ரெய்ன்' படத்துக்காகப் படக்குழு வந்து கிளப்பையே பல வாரம் எடுத்துக்கொண்டது. 1984 ஜூலையில் படம் வெளியானது. ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 24 வாரம் முதலிடம், பாட்டுகளுக்கு ஆஸ்கர். படத்தில் வரும் கிளப்பில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்து ஆடுகிறார்கள், கிளப் முதலாளியும் கறுப்பினத்தவர். கதவு எப்போதும் திறந்தே இருந்ததுபோல் படம் காட்டுகிறது. உண்மையில் அது திறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. படம் பார்த்தவர்கள் மற்ற ஊர்களிலிருந்து கிளம்பி வந்தார்கள். வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். புகழின் சுமையை அந்த வளைந்த சுவர் அன்று முதல் தாங்குகிறது.

பிரின்ஸுக்கே சொந்த ஆசை ஒன்று இருந்தது. 1990-இல் கிடங்குப் பகுதியில் 'கிளாம் ஸ்லாம்' என்ற கிளப் திறந்தது; பெயர் அவர் பாட்டு, நடத்தியவர் அவரது ஆள் கில்பர்ட் டேவிட்சன். படத்தில் அவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளைக் காட்சிக்கு வைத்தார்கள். ஒளியும் ஒலியும் பழைய பஸ் நிலையத்தை வெட்கப்படவைக்கும் தரம். லாஸ் ஏஞ்சலிஸிலும் மயாமியிலும் கிளைகள். உலகமே அறிந்த பெயர், பணம், பாணி எல்லாம் இருந்தும் பத்தாண்டு தாண்டவில்லை. தொண்ணூறுகளின் நடுவிலேயே அந்தப் பெயர் பலகை இறங்கிவிட்டது. சில தெருக்கள் தள்ளி, பங்கர்ஸ் என்ற சாதாரண பாரில், டாக்டர் மாம்போஸ் காம்போ என்ற குழு எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து வாரா வாரம் ஃபங்க் வாசித்து வந்தது. டிரம்ஸில் மைக்கேல் பிளாண்ட், பேஸில் அதே சானி தாம்ப்சன். பிரின்ஸ் அங்கே வந்து கேட்டார், கேட்டுவிட்டு இருவரையும் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டு போனார். தன் பெயரால் பளபளக்கும் கிளப் திறந்த அதே காலத்தில், ஆள் எடுக்க அவர் போனது பீர் வாடை அடிக்கும் பாருக்கு. எனக்கு இதில் வியப்பில்லை. அலங்காரத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம், வாரா வாரம் வாசித்துப் பழகிய கையை வாங்க முடியாது.

ஃபர்ஸ்ட் அவென்யூவும் விழப் பார்த்தது. 2004 நவம்பரில் உரிமையாளர்களுக்குள் வழக்கு முற்றி, கிளப் திவாலாகிக் கதவு மூடியது. நகர மேயரே தலையிட, பழைய கணக்கர் பைரன் ஃபிராங்க் மற்றவர்களோடு சேர்ந்து மீட்டெடுத்தார். அந்த மாதமே மறுபடி திறந்தது. பிறகு அவர் மகள் டேனா ஃபிராங்க் பொறுப்பேற்றார். 2020-இல் கொரோனா எல்லா மேடைகளையும் அணைத்தபோது, நாடு முழுதுமுள்ள தனி அரங்கங்களின் சங்கத்துக்குத் தலைவராக நின்று வாஷிங்டனிடம் மன்றாடியவர் அவர்தான். ஆண்டு முடிவில் 1,500 கோடி டாலர் உதவி சட்டமானது.

2016 ஏப்ரல் 21-ஆம் தேதி பிரின்ஸ் இறந்த இரவில் நகரம் வேறெங்கும் போகவில்லை. இந்த முனைக்கே வந்து தெருவை அடைத்துக்கொண்டு விடியும்வரை ஆடியது. சில நாள் கழித்து, வெள்ளை நட்சத்திரங்களுக்கிடையே அவர் பெயர் இருந்த ஒன்றை யாரோ இரவோடு இரவாகத் தங்க ரேக்கால் பொதிந்துவிட்டுப் போயிருந்தார். கிளப் அதை அப்படியே விட்டுவிட்டது.

பஸ் நிலையம் பிழைத்துக்கொண்டது. காப்ரி தியேட்டரும் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. இவர்களுக்கெல்லாம் முதலில் கருவியும் இடமும் கொடுத்த 'தி வே' எண்பதுகளில் மூடப்பட்டு, இடிக்கப்பட்டது. பிளிமத் அவென்யூவில் அந்த இடத்தில் இப்போது இருப்பது மினியாபொலிஸ் காவல்துறையின் நான்காவது சரகக் காவல் நிலையம்.