நெருப்பின் முன் பெறும் தகுதி

1970 செப்டம்பர் கடைசியில் தொடங்கிப் 13 நாட்கள் தெற்குக் கலிஃபோர்னியா எரிந்தது. 16 பேர் மாண்டார்கள். ஏறத்தாழ 700 கட்டடங்கள் சாம்பலாயின. 5 லட்சம் ஏக்கருக்கு மேல் கருகியது. அணைக்க ஆட்கள் வராமல் இல்லை. வனத்துறை, மாநிலத் தீயணைப்புத் துறை, கவுன்ட்டிகளின் படைகள், நகரப் படைகள் எல்லாம் வந்தன. ஆனால் ஒரு படையின் வானொலியில் மற்றொரு படையோடு பேச முடியவில்லை. யார் உத்தரவுக்கு யார் கட்டுப்படுவது என்பதும் தெளிவாக இல்லை. அந்தப் பாடத்திலிருந்து ஃபயர்ஸ்கோப் என்ற கூட்டு முயற்சி பிறந்தது. அதிலிருந்து ‘இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்’ என்னும் களக் கட்டளை முறை உருவாயிற்று.

கட்டளை, களச்செயல், திட்டமிடல், தளவாடம், நிதி என ஐந்து பொறுப்புகள். ஒருவருக்கு ஒரே மேலாளர். ஒரு மேலாளரின் கீழ் ஏறத்தாழ ஐந்து பேர். 2004இல் இது அமெரிக்கா முழுமைக்குமான தேசிய ஏற்பாட்டின் பகுதியானது. அதன் பாடங்களுக்கு எண்களே பெயர். 100, 200 அடிப்படைப் பாடங்கள். வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். 300, 400 என்பவை பெரிய சம்பவங்களை நடத்தப்போகிறவர்களுக்கு. இவற்றுக்கு வகுப்பில் உட்கார வேண்டும்.

இந்தப் பாடங்களை முடித்ததற்குக் கிடைக்கும் சான்றிதழையே தகுதியாக எண்ணுவது பலருக்கும் வழக்கம். அமெரிக்கக் காட்டுத்தீப் படையினர் அப்படி எண்ணுவதில்லை. அவர்களிடம் உலகம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

புதிதாகச் சேர்பவர் தீயணைப்புப் பயிற்சி, தீயின் போக்கு, களத்தில் மனித இயல்பு ஆகிய பாடங்களை முடிக்கிறார். தீயோடு நேரடியாகப் பொருதும் பணிக்கு 45 பவுண்டு சுமையோடு 3 மைலை 45 நிமிடத்தில் நடந்து கடக்க வேண்டும், ஓடக்கூடாது. இவ்வளவும் வாசல்படிதான். மேலே ஏற விரும்புகிறவருக்கு அந்தந்தப் பதவிக்கென ஒரு ‘டாஸ்க் புக்’ தரப்படும். அப்பதவியில் இருப்பவர் செய்யவேண்டிய வேலைகள் அதில் ஒவ்வொன்றாக எழுதியிருக்கும். உண்மையான தீயில், அதே பதவிக்குத் தகுதிபெற்ற ஒருவர் அருகே நின்று பார்க்க, பயிற்சி பெறுபவர் அவ்வேலைகளைச் செய்து காட்டவேண்டும். பார்த்தவர் நிறைவு கொண்டால்தான் கையெழுத்து. இன்னும் அனுபவம் வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்புவதும் உண்டு. அந்தக் கையெழுத்தைப் போடுகிறவர் நாளை இவருடைய சொல்லை நம்பிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கப்போகும் இளைஞர்களுக்காகவும் போடுகிறார். இந்த நாணயம் எந்தத் தேர்வுத்தாளிலும் கிடைக்காது. புத்தகம் நிறைந்த பிறகும் பயிற்சி பெறுபவருடைய சொந்தத் துறை ஆராய்ந்து ஒப்புதல் தந்தால்தான் பதவி உறுதியாகும்.

இதன் விளைவு வியப்பானது. அலுவலகத்தில் மேலதிகாரியாக இருப்பவர், அங்கே தமக்குக் கீழே பணிபுரியும் ஒருவரின் கட்டளைக்குக் களத்தில் உட்பட நேரலாம். தகுதி யாரிடம் இருக்கிறதோ அவரிடமே பொறுப்பு. பெற்ற தகுதியும் நிரந்தரமில்லை. பெரும்பாலான பதவிகளில் ஐந்தாண்டு களம் காணாவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

இந்தப் பயிற்சி முறை இழப்பிலிருந்தும் கற்றுக்கொண்டிருக்கிறது. 1994 ஜூலை 6 அன்று கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில் 14 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். காற்று மாறித் தீ மலைச்சரிவில் பாய்ந்து ஏறியபோது தப்பியோட நேரமில்லை. வானிலை முன்னறிவிப்பு களத்தில் இருந்தவர்களுக்கு எட்டவே இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. தலைமைப் பண்பு, தகவல் பகிர்வு, ஐயத்தை அஞ்சாமல் எடுத்துச் சொல்லுதல் ஆகியவை பின்னர் தனிப் பாடவரிசையாகப் படையினருக்குக் கற்பிக்கப்பட்டன. மண்வெட்டி பிடிக்கக் கற்கும் முதல் கட்டத்திலேயே அந்த வரிசை தொடங்கிவிடுகிறது.

இந்தியாவிலும் இந்தக் களக் கட்டளை முறை வேர்விட்டிருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் இதைத் தழுவி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நம் ஏற்பாட்டில் மாநிலத்துக்குத் தலைமைச் செயலரும் மாவட்டத்துக்கு ஆட்சியரும் பொறுப்பு அலுவலர்கள். வகிக்கும் நாற்காலியோடு பொறுப்பும் வருகிறது. நிர்வாகத்துக்கு அது தேவைதான். ஆனால் அவர்களுக்குக் கீழே களச்செயலையும் தளவாடத்தையும் ஏற்கும் வட்டாட்சியருக்கும் பொறியாளருக்கும் மருத்துவ அலுவலருக்குமாவது, வெள்ளத்திலும் புயலிலும் மூத்தவர் ஒருவரின் கண்ணெதிரே வேலை செய்து கையெழுத்துப் பெறும் புத்தகம் ஒன்று வேண்டும். அவர்கள் மாற்றலாகும்போது அந்தப் புத்தகமும் உடன் செல்ல வேண்டும். அடுத்த மாவட்டத்தில் புயல் எச்சரிக்கை வரும் நாளில் யாரை எங்கே நிறுத்துவது என்று அதைப் பார்த்தே முடிவுசெய்யலாம்.