நெல்லுச் சோறு

நகரத்து இயற்கை அங்காடிகளில் இன்று சாமையும் வரகும் பொன்னி அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. ஏழைகள் சிறுதானியத்தைக் கைவிட்டு, வெறும் அரிசியைத் தின்று சர்க்கரை நோயை வாங்கிக்கொண்டார்கள் என்று வருந்துவோரும் பெருகிவிட்டனர். அவ்வருத்தத்தில் பங்குகொள்ளும் முன் நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

கொங்கிலும் கரிசலிலும் மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்குக் கம்பும் சோளமும் கேழ்வரகுமே அன்றாட உணவு. அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. (அதனை 'நெல்லுச் சோறு' என்று தனித்துச் சொல்ல வேண்டியிருந்ததே அதன் அருமைக்குச் சான்று.) விருந்தினருக்கு எதைப் பரிமாறுகிறோம் என்பதில் குடும்பத்தின் மானம் அடங்கியிருந்தது. காவிரிப் படுகையின் கதை வேறு. அங்கே நாற்று நட்டுக் கதிர் அறுத்தவர்கள், பெரும்பாலும் தலித்துகள், கூலியாகப் பெற்ற நெல்லைக் கஞ்சியாகவும் நீராகாரமாகவும் நீட்டித்தே நாளைக் கடத்தினார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் இருந்ததும் நெல்லாகக் கேட்ட கூலி உயர்வுதான்.

ஆகவே அண்ணா 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றபோது, அது வயிற்றுக்கு மட்டும் சொல்லப்பட்ட வாக்குறுதியாக ஒலிக்கவில்லை. அத்திட்டம் சென்னை, கோவை நகரங்களுக்கு அப்பால் நிலைபெறாமல் போனது உண்மை. ஆனால் 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011இல் விலையில்லா அரிசி என்று அவ்வாக்குறுதி பிற்காலத்தில் வேறு வடிவங்களில் மீண்டுகொண்டே இருந்தது.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம்: உரல். கம்பை நீர் தெளித்து இடித்து, புடைத்து, மறுபடி இடிக்க வேண்டும்; கேழ்வரகைத் திருகையில் அரைக்க வேண்டும். அவ்வேலை முழுவதும் பெண்களின் தோள்மீதே இருந்தது. பகலெல்லாம் களையெடுத்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்பும் ஒருத்திக்கு, ரேஷன் அரிசி அரைமணியில் சோறாகிவிடும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பதும், தீட்டிய அரிசியில் அது மிகச் சொற்பம் என்பதும் மெய்யே. எனினும் அவள் தேர்ந்தெடுத்தது சத்தையல்ல, இரண்டு மணிநேர ஓய்வை. அதனை அறியாமை என்று பெயரிட நமக்கு மனம் வரவில்லை.

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டில் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். முழுத் தானியமாகக் கிடைக்கும் அதை மாவாக்க மில்லுக்குத்தான் போக வேண்டும். அரைவைக் கூலி தனி.