ஆகோள்: நடுகல் முதல் கணினிப் போர் வரை

ஆகோள் என்பது பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வரும் பழந்தமிழ்ப் போர்முறை. எதிரிப் படையோடு மோதுமுன் அவன் செல்வத்தில் கைவைப்பதே இதன் சூட்சுமம். இன்றைய கணினிப் போர் விளையாட்டுகளிலும் இதே உத்தி பயன்படுகிறது.

இதன் மிகப் பழைய கல்வெட்டுச் சான்றுகளில் ஒன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தவை. அவற்றில் ஒன்று, கூடலூர் ஆகோளில் மடிந்த அந்தவன் என்பவனுக்கு எடுக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் ஒரு கூடலூர் உண்டு. அதுவே இது என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சித் திணைக்குத் தொல்காப்பியம் 14 துறைகள் வகுக்கிறது. விரிச்சி கேட்டல், சந்தடியின்றிச் செல்லல், ஒற்றறிதல், ஊரை வளைத்தல், நிரை கவர்தல், துரத்தி வருவோரைத் தடுத்தல், மாடுகளை நோகாமல் ஓட்டி வருதல், பங்கிடல், உண்டாட்டு, கொடை என அது நீள்கிறது. புலவர் பாடுவதற்கு வகுத்த இலக்கணம்தான். ஆனாலும் தளபதி கையில் கொடுத்தால் அவனுக்கும் உதவும்.

1999இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆட்டத்தின் தொடக்கமும் ஏறக்குறைய இதே வரிசைதான். வேவுக் குதிரை முதலில் புறப்படும். காவலற்று நிற்கும் ஆடுகளை எதிரியின் ஆள் நெருங்கினால் அவை அவன் வசமாகிவிடும். ஓட்டிக்கொண்டு போய்த் தன் ஊர் மையத்தில் உணவாக்கிக்கொள்வான். பறிகொடுத்தவனுக்கோ உழவர் பெருக்கம் தடைபடும். அதனால் படை எடுப்பதும் தாமதமாகும். நிரை கவர்வோரின் வெட்சிப் பூவும் மீட்போரின் கரந்தைப் பூவும் எத்தரப்பு எனக் காட்டியதைப் போல இங்கே ஆட்டக்காரரின் நிறம் காட்டுகிறது. மதில் காக்கும் நொச்சிக்கும் மதில் வளைக்கும் உழிஞைக்கும் ஆட்டத்தில் நிறையவே இடமுண்டு.

விரிச்சி மட்டும் வரவில்லை. நற்சொல் கேட்கக் காத்து நிற்கும் பொறுமை ஆட்டக்காரருக்கு ஏது? பங்கிடலும் கொடையும்கூடக் காணோம்; கவர்ந்தது முழுவதும் கவர்ந்தவனுக்கே.

இதே ஆட்டத்தில் 2022இல் வெளியான இந்திய அரசுகள் பற்றிய விரிவாக்கம் திராவிடரைத் தனி நாகரிகமாகச் சேர்த்தது. உறுமி வாள்வீரரும் திரிசடை என்னும் போர்க்கப்பலும் அவர்களுக்குக் கிடைத்தன. இராசேந்திர சோழன் கதையும் இடம்பெற்றது. ஆநிரை சார்ந்த தனிச்சலுகையோ அதே விரிவாக்கத்தில் வந்த கூர்ஜரருக்குப் போயிற்று.