தலை ஆடி முதல் அக்னி நட்சத்திரம் வரை... புது ஜோடிக்கான ஒரு வருஷ வீட்டுக் காலண்டர்!

கல்யாண ஆல்பம் கைக்கு வர்றதுக்குள்ள ஆடி வந்துடும். வைகாசியிலயோ ஆனியிலயோ தாலி கட்டி, வாடகைக்கு ஒரு பெட்ரூம் வீடு பிடிச்சு, கேஸ் கனெக்‌ஷன் வாங்கி, எந்த டப்பாவுல துவரம்பருப்பு இருக்குன்னு ரெண்டு பேருக்கும் பழகுறப்போ, 'பொண்ணை ஆடிக்கு அனுப்பி வைங்க'ன்னு போன் வரும். அங்கே ஆரம்பிக்குது முதல் வருஷம்.

பள்ளிக்கூடத்துல கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு ஆறு பருவம் மனப்பாடம் பண்ணியிருப்போம். மாசாமாசம் வாடகை கட்டுற ஜோடிக்கு நடைமுறையில நாலுதான்: ஆடி, மழை, பனி, வெயில். ஒவ்வொண்ணும் ஒரு வேலையோடயும் ஒரு செலவோடயும்தான் வரும். பத்துப் பேர் இருந்த வீட்டுல இந்த வேலைகள் எப்படி நடந்துச்சுன்னு யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. இப்போ இருக்கிறது ரெண்டு பேர், ரெண்டு லேப்டாப். யார் செய்யுறது, யார் கொடுக்கிறதுன்னு பேசி வைக்காத வீட்டுல வேலை மனைவி தலையிலயும், செலவு அவங்க அப்பா தலையிலயும் போய் விழுது. பருவம் எப்போ வரும்னு முன்கூட்டியே தெரியும்ங்கிறதால, அது வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி உட்கார்ந்து பேசிடலாம். முதல் வருஷச் சண்டைகள்ல பாதி அங்கேயே முடிஞ்சிடும்.

ஆடி: தனியா ஒரு மாசம்

ஜூலை நடுவுல தொடங்கி ஆகஸ்ட் நடுவு வரைக்கும் ஆடி. புதுப்பொண்ணைத் தாய்வீட்டுக்கு அழைச்சுக்கிற வழக்கத்துக்குப் பெரியவங்க சொல்ற காரணம், ஆடியில கரு உண்டானா குழந்தை சித்திரை வெயில்ல பிறக்கும்ங்கிறது. விதைப்பு மாசம், ஆம்பளைங்க வயல்ல இருக்கணும்ங்கிறது இன்னொரு காரணம். குழந்தை எப்போங்கிறது இப்போ நீங்க ரெண்டு பேரும் எடுக்கிற முடிவு, வயலும் பல பேருக்கு இல்லை. அதுக்காக இந்த வழக்கத்தை ஒரேயடியா ஒதுக்கிடவும் வேண்டாம். புது வீடு, புது மனுஷங்கன்னு மூச்சு முட்டுற பொண்ணுக்கு அம்மா கையால நாலு வாரம் சாப்பிடுறது பெரிய ஆறுதல். வேலைக்குப் போறவங்க ஆடி முதல் நாள் போய் சம்பிரதாயத்தை முடிச்சிட்டுத் திரும்பிடலாம். இல்லைன்னா ஆடிப்பெருக்கு வரைக்கும் இருந்துட்டு வரலாம். எத்தனை நாள்ங்கிறதை முடிவு பண்ண வேண்டியது அந்தப் பொண்ணுதான், சம்பந்திகள் இல்லை.

வீட்டுல தனியா இருக்கிற கணவருக்கு ஒரு வேலை சொல்றோம். அந்த ஒரு மாசம், வீடு நடக்கிறதுக்குத் தேவைப்படுற ஒவ்வொண்ணையும் போன்ல குறிச்சு வைங்க. பால் பாக்கெட், வாட்டர் கேன், குப்பை, மாவு அரைக்கிறது, கேஸ் புக்கிங், காயப்போட்ட துணியை எடுக்கிறது, அதை மடிக்கிறது. பட்டியல் நீளும். மத்திய அரசோட தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ல எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயில, வீட்டு வேலை செய்யுறவங்கள்ல பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் செலவழிக்கிறதா வந்துச்சு. வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தக் கணக்குலயே வர மாட்டாங்க. மனைவி திரும்பி வந்ததும் அந்தப் பட்டியலை நடுவுல வெச்சு, 'இது எனக்கு, இது உனக்கு'ன்னு பிரிச்சுக்கங்க. 'ஹெல்ப் பண்றேன்'கிற வார்த்தையை மட்டும் தவிர்த்துடுங்க பாஸ். உங்க வீடுதானே அது!

ஆடியில ஒரு சின்ன லாபமும் இருக்கு. ஆடியிலயும் மார்கழியிலயும் பலர் வீடு மாற மாட்டாங்க. அதனால காலி வீட்டை வெச்சுக்கிட்டு இருக்கிற ஓனர்கிட்ட வாடகை, அட்வான்ஸ் பேச இது நல்ல நேரம்.

மழைக்கு முன்னாடி முடிக்க வேண்டியவை

கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டீங்களா? தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-படி 90 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். விட்டுட்டா, கூடுதல் கட்டணத்தோட இன்னும் 60 நாள் கிடைக்கும். ஆனி கடைசியில கல்யாணம்னா புரட்டாசி முடியறப்போ முதல் கெடு முடிஞ்சிடும். பாஸ்போர்ட்ல, விசாவுல இந்தச் சான்றிதழைக் கேட்கிறப்போதான் பலருக்கு ஞாபகமே வருது.

புரட்டாசியில இன்னொரு சின்ன யுத்தம், கிச்சன்ல. ஒருத்தர் வீட்டுல மாசம் முழுக்க கவிச்சி கிடையாது, இன்னொருத்தர் வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னாலே சிக்கன். விரதம் இருக்கிறவங்க இருக்கட்டும், சாப்பிடுறவங்க வெளியில சாப்பிடட்டும், இல்லைன்னா தனிப் பாத்திரம் வெச்சுக்கட்டும். இதுல யாரையும் மாத்துறதுக்கு அவசரப்படாதீங்க.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டோட வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி இந்த மூணு மாசத்துலதான் கொட்டுது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைவாசிகள்கிட்ட, வாடகை வீடு பார்க்கப் போறப்போ என்ன கேட்பீங்கன்னு விசாரிச்சா, 'தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?'ன்னுதான் முதல்ல சொல்வாங்க. அந்தக் கேள்வியை ஓனர்கிட்ட மட்டும் கேட்காம, தெருமுனை மளிகைக்கடையிலயும் கேளுங்க.

ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாடி மொட்டை மாடித் தண்ணி போற குழாய்ல இலை அடைச்சிருக்கான்னு பாருங்க. சுவர் ஓதம், மேல்தளக் கசிவு இருந்தா தேதியோட போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க. கட்டடம் சம்பந்தப்பட்ட பெரிய ரிப்பேர் ஓனர் பொறுப்பு. ஆனா எழுத்துல வாடகை ஒப்பந்தம் இருந்தா மட்டும்தான் பேச்சுல பலம் இருக்கும். சான்றிதழ்கள், நகை ரசீது, மெடிக்கல் ஃபைல் எல்லாம் ஒரே ஜிப் கவர்ல, உயரமான ஷெல்ஃப்ல இருக்கட்டும். வீட்டுக்குள்ள தண்ணி வர்ற மாதிரி இருந்தா முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. வடிஞ்சதும் எலெக்ட்ரீஷியன் பார்த்த அப்புறம்தான் ஆன் பண்ணணும். முழுகின பைக்கை 'ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே'ன்னு உதைச்சா, சின்னச் செலவு பெரிய செலவாயிடும்.

மழைக்காலத்து வீட்டு வேலையில பெரிய தலைவலி துணிதான். காயாத துணி ஹால்ல தொங்கும், வீடே நாறும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சமா துவைச்சு, மடக்குற ஸ்டாண்டுல ஃபேனுக்குக் கீழே போடுறது நல்லது. ஞாயித்துக்கிழமை மொத்தமா துவைக்கிற பழக்கம் இந்த மூணு மாசம் செல்லாது. அரிசியும் பருப்பும் மாசத்துக்கு வாங்காம வாரத்துக்கு வாங்குங்க, டப்பாவுல ரெண்டு காய்ஞ்ச மிளகாயோ ஒரு துண்டு வசம்போ போட்டு வைங்க, வண்டு அண்டாது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டு, பூந்தொட்டித் தட்டு இதுல எல்லாம் தேங்குற நல்ல தண்ணியிலதான் டெங்கு கொசு முட்டை போடும். முட்டை கொசுவாகுறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால வாரம் ஒரு தடவை கொட்டித் தேய்ச்சுக் கழுவணும். இது யாரோட வேலைன்னு பேர் போட்டு எழுதிடுங்க.

தலை தீபாவளி: மோதிரம் யார் கணக்கு?

இந்த மழைக்கு நடுவுலதான் தலை தீபாவளி. பெண் வீட்டுல எண்ணெய் தேய்ச்சுக் குளியல், லேகியம், புதுத்துணி, மாப்பிள்ளைக்கு ராஜ மரியாதை. (கிறிஸ்தவ வீடுகள்ல முதல் கிறிஸ்துமஸ், முஸ்லிம் வீடுகள்ல முதல் பெருநாள்னு இதே சந்தோஷமும் இதே செலவும் உண்டு.) ஊருக்குப் போக ரயில் டிக்கெட் இப்போ 60 நாள் முன்னாடிதான் திறக்குது. திறக்கிற அன்னிக்குக் காலையிலயே போட்டுடணும். ரெண்டு பேரும் ஆளுக்கொரு போன்ல உட்காருங்க.

கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருவோம். கல்யாணக் கடனே அடையாத நிலையில ஆடிச் சீர், தீபாவளிச் சீர், பொங்கல் சீர்னு பெண்ணோட பெற்றோர் வரிசையா கொடுத்துட்டே இருக்காங்க. பிரியமா எடுத்துக் கொடுக்கிற ஒரு வேட்டி சட்டையைப் பத்தி யாரும் குறை சொல்லப் போறதில்லை. 'மாப்பிள்ளைக்கு என்ன போடுறாங்க?'ன்னு கேட்க ஆரம்பிக்கிற இடத்துலதான் விஷயம் மாறுது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல இருந்து இருக்கு. கல்யாணத்தைக் காரணமா வெச்சு, அதுக்கு முன்னாடியோ அப்போவோ அப்புறமோ எப்போ கேட்டு வாங்கினாலும் அது வரதட்சணைதான். தொல்லை எல்லை மீறினா பெண்கள் உதவி எண் 181.

பெரும்பாலான வீடுகள்ல அந்த அளவுக்குப் போகாது, மனஸ்தாபத்தோட நிக்கும். அதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் மாப்பிள்ளை. மாமனார் நகைக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி, 'மாமா, மோதிரம் எல்லாம் வேண்டாம், நாங்க வந்து நாலு நாள் இருக்கோம், அது போதும்'னு அவர் ஒரு போன் பண்ணணும். தன் அம்மாகிட்டயும் அவரே சொல்லணும். மருமகள் சொன்னா அது 'வந்தவ பேசுற பேச்சு' ஆயிடும். எந்தப் பருவத்துலயும் இது பொருந்தும்: அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க பேசணும்.

பனியும் பொங்கலும்

மார்கழியில வேலை கொஞ்சம் குறைவுதான். அதிகாலைக் கோலம் பிடிச்சவங்க போடட்டும். வீசிங் இருக்கிறவங்க போகி அன்னிக்குக் காலையில ஜன்னலைச் சாத்தி வெச்சிடுங்க. சென்னையில அன்னிக்குப் புகையும் பனியும் சேர்ந்து விமானமே தாமதமாகுற வருஷங்கள் உண்டு. பழைய துணி, பாயைத் தெருவுல கொளுத்துறதுக்குப் பதிலா தேவைப்படுறவங்களுக்குக் கொடுக்கலாம்.

தலைப் பொங்கல் பெரும்பாலும் மாமியார் வீட்டுல. புதுப்பானை, கரும்பு, மஞ்சள் கொத்துன்னு பொங்கப்படி தாய்வீட்டுல இருந்து வரும். லீவு நாலு நாள்ங்கிறது காகிதத்துலதான். மருமகளுக்கு அது நாலு நாள் சமையல். கணவர் டி.வி முன்னாடி உட்காராம வெங்காயம் உரிச்சா, முதல்ல சிரிப்பாங்க. ரெண்டாவது நாள் பழகிடும்.

வெயில்: 500 யூனிட் கோடு

மாசி, பங்குனியிலயே ஆரம்பிச்சு, மே 4-ஐ ஒட்டி அக்னி நட்சத்திரம் பிறக்கிறப்போ உச்சத்துல நிக்கும். இங்கே பேச வேண்டியது ஏசி பத்தி. ஒருத்தருக்கு 18 டிகிரி, இன்னொருத்தருக்குப் போர்வைங்கிற சண்டையை ஓரமா வைங்க. பில்லைப் பார்ப்போம்.

வீட்டு மின்சாரத்துக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். 1.5 டன் ஏசி மணிக்கு 1 யூனிட்னு குறைச்சே வெச்சாலும், ராத்திரி 8 மணி நேரம், 60 நாளைக்கு 480 யூனிட். ஃப்ரிட்ஜ், ஃபேன் சேர்ந்தா 500 தாண்டிடும். 500 தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட் கூடும்னு நினைச்சுக்காதீங்க. 2022-ல மாத்தின கட்டணமுறைப்படி, 101-ல இருந்து 200 வரைக்கும் இருக்கிற மலிவான ரேட்டும் கைவிட்டுப் போயிடும். அதனால ரீடிங் எடுத்து ஒரு மாசம் ஆனதும் மீட்டரை ஒரு தடவை பாருங்க. 250-க்குப் பக்கத்துல இருந்தா நீங்க கோட்டு மேல நடக்கிறீங்க. ஒரு டிகிரி ஏத்தினா ஏசி மின்சாரத்துல சுமார் 6 சதவிகிதம் மிச்சம்னு மின்சார அமைச்சகத்தோட எரிசக்தி சேமிப்பு அமைப்பு சொல்லுது. 26-ல ஏசியும் மெதுவா ஒரு ஃபேனும் போட்டா ரெண்டு பேருமே தூங்கலாம். தனி மீட்டர் இல்லாம, யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஓனர் வாங்குற வீடா இருந்தா, குடிபோறதுக்கு முன்னாடியே ரேட்டைக் கேட்டுடுங்க.

வெயிலால லாபமும் உண்டு. மொட்டை மாடி சாவி கிடைச்சா ஒரு ஞாயித்துக்கிழமை வடாம் பிழியலாம். விடிகாலையில ஒருத்தர் மாவு கிண்ட, இன்னொருத்தர் துணியை விரிச்சுப் பிழிய, மூணு நாள் காய்ச்சல்ல மழைக்காலத்துக்கான தொட்டுக்க ரெடி. காக்காவை விரட்டுறது ஷிஃப்ட் போட்டுக்கணும். பெட்டியில கிடக்கிற பட்டுப்புடவைகளை நேர் வெயில் படாம நிழல்ல காத்தாட விட்டு, மடிப்பை மாத்தி வைக்கிறதையும் அப்போவே முடிச்சிடலாம். கல்யாணப் புடவையைப் போன ஆனிக்கு அப்புறம் பிரிச்சே பார்க்காதவங்க நிறைய.

ஜூலையில மறுபடி ஆடி வரும். பெரும்பாலான வீடுகள்ல ரெண்டாவது வருஷம் யாரும் அழைக்க மாட்டாங்க. அம்மா வீட்டுக்குப் போகணும்னா பொண்ணே டிக்கெட் போட்டுக்கலாம். வாட்டர் கேன் எப்போ தீரும்னு வீட்டுல இருக்கிறவருக்கு இப்போ தெரியும்.