சமனாக்கிய குடும்ப வருமானம்
வீடுகளின் வருமானத்தை நாடுகளிடையே ஒப்பிட, வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ளும் அளவு. தனியாளுக்கு ஆகும் செலவு இருவருக்கு இரட்டிப்பாவதில்லை. வாடகையும் அடுப்பும் பொது. ஐரோப்பிய ஒன்றியப் புள்ளியியல் அலுவலகம் முதல் பெரியவருக்கு 1, அடுத்த ஒவ்வொரு பெரியவருக்கும் 0.5 என எடை தருகிறது. 1983இல் தொடங்கிய லக்சம்பர்க் வருமான ஆய்வோ ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கிறது. எனவே 60,000 யூரோ ஈட்டும் தம்பதியரின் சமனாக்கிய வருமானம் முதல் முறையில் 40,000. இரண்டாவதில் சுமார் 42,400. வரி கழித்து, அரசு உதவித்தொகை சேர்த்து, விலைவாசி வேறுபாட்டுக்கேற்ப மாற்றிய பிறகே ஒப்பீடு செல்லும். சில பெருஞ்செல்வரே சராசரியை உயர்த்திவிடுவதால் இடைநிலை வருமானமே நம்பத்தக்கது. அதிலும் அமெரிக்கர் கைப்பணத்தில் கட்டும் மருத்துவச் செலவு தெரிவதில்லை.